தேவதாஸ் எடுத்த நகல்

தேவதாஸ் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். நாசமாய்ப் போகட்டும் அவன். என் அண்ணி ஆதிலட்சுமியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மில் மூடி அண்ணன் கலியமூர்த்தி வீட்டில் முடங்கிக் கிடந்த நேரம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த அண்ணியின் மாமா, அங்கே ஒரு காப்பிக்கடை கழித்துப்போட்ட வீடியோ கேம் பெட்டியைக் கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊரான சாரத்தில் வீட்டு முன்னறையில் அதை வைத்துக் கடை போட்டாள் அண்ணி. காசு போட்டால் திரையில் ஒருவன் சுறாக்களுக்குத் தப்பி முத்துக் குளிப்பான். லாஸ்பேட்டை காலேஜ் பையன்கள் வந்து மொய்த்தார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

உப்புக் காற்றில் அது அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. அண்ணனின் கூட்டாளி ரேடியோ மெக்கானிக் தேவதாஸ். எங்கள் வீட்டில் அவன் கை நனைக்காத வாரமில்லை. அவன்தான் பெட்டியைத் திறந்தான். மரவட்டை மாதிரிக் காலுள்ள ஒரு கறுப்பு ஐ.சி. சில்லைக் காட்டி, மொத்த விளையாட்டும் இதற்குள்தான் இருக்கிறது, செய்த கம்பெனியே மூடிவிட்டது, இது செத்தால் வேறு கிடைக்காது என்று பயமுறுத்தினான். மெட்ராஸில் நகல் எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம், அசலைத் தானே பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றான். கூடப்பிறந்தவனாக நினைத்துக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

எண்பத்தைந்தில் லாஸ்பேட்டையில் ஒரு புதுக்கடை திறந்தார்கள். அங்கேயும் அதே முத்துக்குளிப்பு. கடையில் தேவதாஸுக்கும் பங்கு. சாரத்தில் கூட்டம் இருக்கும்வரை அவனுக்கு வியாபாரம் ஏது? அண்ணி போய்க் கேட்பதற்குள் வீட்டுக்குப் போலீஸ் வந்துவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். கம்ப்யூட்டர் சமாச்சாரமும் அதில் சேர்த்தியாம். நகல் போட்டால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஜெயிலாம். விளையாட்டைச் செய்தவன் எவனும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தவன் நகலெடுத்த தேவதாஸ்.

ஸ்டேஷனில் அசலை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமாவிடம் விலைக்கு வாங்கினானாம். மாமா புகாருக்கு முன்பே இறந்துவிட்டார், யாரைப் போய்க் கேட்பது?

"நகல் எடுத்தது நீதானேண்ணே?" என்றாள் அண்ணி.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னான்: "தங்கச்சிக்கு இதெல்லாம் என்னா சார் தெரியும்? கலியமூர்த்தி வேலையாத்தான் இருக்கும்."

அண்ணன் பக்கத்தில் இருமிக்கொண்டு நின்றான். மில் பஞ்சு அரித்த நெஞ்சு அவனுக்கு. ஜெயிலுக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டான். அது தேவதாஸுக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனே அவன்தான்.

"நாந்தான் சார் எடுத்தேன். எழுதிக்குங்க," என்றாள் அண்ணி.

எப்படி எடுத்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவளுக்கு என்ன தெரியும், விழித்தாள். அந்தப் படுபாவி குறுக்கே வந்து, எந்த மெஷினில் வைப்பது, எப்படி ஏற்றுவது என்று ஒவ்வொன்றாக விளக்கினான். இன்ஸ்பெக்டர் எழுதினார். அடியில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டிலும் அதையே சொல்லிவிட்டு ஆறு மாதம் உள்ளே இருந்தாள்.