பாவாவின் ஜீப்புக்கு நான் மாட்டிய டயர்

எங்கள் கடையில் அந்த டயர் அளவை "ஆறு பதினாறு" என்போம். பழைய பட்டாளத்து ஜீப்புக்கும் அதே அளவு, டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் அதே அளவு. இதை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல் எனக்கு ஒரு திமிர் இருந்தது.

திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர், பாவா, ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். பட்டாளத்து ஏலத்தில் வந்த ஜீப் ஒன்றை யாரிடமோ வாங்கி, பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அக்காவைக்கூட அவர் அப்படித் தாங்கியதில்லை. மகள் பிறந்ததும் ஒரே பிடிவாதம், மொட்டைக்கும் காதுகுத்துக்கும் அந்த ஜீப்பில்தான் மலையேற வேண்டுமாம். நாலு டயரும் வெடிப்பு விட்டுக் கிடந்தன. டயர் உன் பொறுப்பு மச்சான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டாளத்து டயர் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்தது, ஈரத்திலும் சேற்றிலும் பிடிக்கும். விசாரித்தேன். டெல்லிப் பக்கம் ஒருவர் அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று இழுத்தடித்தார். இங்கே பத்திரிகையே அடித்தாயிற்று. தாய்மாமன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமனே டயருக்காக நாளைத் தள்ளிப்போடச் சொன்னால் ஊர் சிரிக்காதா? டியூப்பில் நான் ஏமாற்றவில்லை. ரிம்மின் துருவைத் தேய்த்து எடுத்து, நல்ல தடித்த டியூப்பாகத்தான் போட்டேன். ஆனால் மேலே மாட்டியது டிராக்டர் டயர். நீளவாக்கில் மூன்று கோடு, அவ்வளவுதான். வயலில் ஊர்கிற வேகத்துக்குச் செய்தது. ஈரமான மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் நிற்காமல் வழுக்கும். டிராக்டர் என்று பெரிதாக எழுதியிருந்த பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டினேன். தெரிந்தேதான் செய்தேன்.

பாவா குனிந்து பார்த்தார். "கோடு டயரா கீதே மச்சான்?"

"மலை ரோட்டுக்கு இதாங்க பாவா சரி," என்றேன். நான் டயர்க்காரன், அவர் நம்பினார்.

ஏறும்போது ரோடு காய்ந்திருந்தது. மொட்டை முடிந்து, குழந்தை என் மடியில் அலறி அலறிக் காது குத்திக்கொண்ட நேரத்தில் ஒரு தூறல் போட்டுவிட்டு நின்றது. வெளியே வந்தால் ரோடு முழுக்க ஈரம். சொல்லிவிடலாம். ஆனால் பாவாவின் அப்பா, அம்மா, சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் எப்படிச் சொல்வான்? உண்மைக்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

"க்கா, கொழந்தய தூக்கிகினு படி வழியா எறங்கறதா வேண்டிகினுகீறேன்."

பச்சைப் பொய். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் கூடவே நடந்து வருவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

"நீ மெதுவா எறங்குடா. எனக்கு முட்டி வலிக்குது, நான் இவர்கூட வண்டில போறேன்."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பாவா வண்டியைக் கிளப்பினார். நான் கையாட்டினேன். சண்டாளன், கையாட்டினேன்.

முந்நூற்று அறுபத்தைந்து படி. ஒவ்வொரு படியிலும் காது ரோட்டுப் பக்கமே இருந்தது. தோளில் குழந்தை தூங்கிவிட்டது. முருகா, என் பொய்யை என்னோடு வைத்துக்கொள், அக்காமேல் போடாதே என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். அடிவாரத்தில் ஜீப் நின்றிருந்தது. அக்கா பொரி வாங்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு வளைவில் வண்டி தானாக இழுத்துக்கொண்டு போனது, பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்று பாவா முனகினார். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்தி என்று நினைத்தார்கள்.

அடுத்த மாதம் டெல்லி டயர் வந்து சேர்ந்தது. கோடு டயரில் கம்பெனிக் கோளாறாம் என்று இன்னொரு பொய் சொல்லி, நாலையும் கழற்றி மாற்றினேன். வேண்டுதலை மட்டும் கழற்ற முடியவில்லை. என் தம்பிபோல உண்டா, வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு இறங்குவதாக வேண்டியிருக்கிறான் என்று அக்கா சொந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் குழந்தையின் நட்சத்திரத்தன்று நான் அவளைச் சுமந்துகொண்டு படியிறங்க வேண்டும், அக்கா ஜீப்பில் இறங்குவாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது, நல்ல கனம். இந்த வருஷம் பாதிப் படியில் ஜீப்பில்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். மூச்சு வாங்கிய எரிச்சலில், ஜீப்பு வழுக்கும் கண்ணு, அதனால்தான் மாமா தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ அம்மா மட்டும் ஏன் மாமா ஜீப்புல போறாங்க?"

கீழே இன்னும் நிறைய படி இருந்தது.