பஸ்ரியன் அண்ணையின் ஐந்து நிமிடம்

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் பஸ்ரியன் அண்ணையைத் தெரியாதவர்கள் இல்லை. மைக்கைக் கண்டால் மனுசன் விடமாட்டார். கோயிலில் பிள்ளைகளின் முதல்நன்மை, பிறந்தநாள், அறுபதாம் கலியாணம், எதுவென்றாலும் நன்றியுரை அவருடையதுதான். சமைத்தவருக்கு நன்றி, மேசை தூக்கியவருக்கு நன்றி, வந்தவருக்கு நன்றி, வரமுடியாமல் போனவருக்கும் நன்றி. அதற்குள் சோறு ஆறிவிடும். ஊரில், ஊர்காவற்றுறையில், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்தவர். இங்கே பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ற். மெசினுக்குப் பேச்சுக் கேட்காது. கிழமை முழுக்கச் சேர்த்து வைத்ததை எல்லாம் சனி, ஞாயிறில் எங்கள் தலையில் கொட்டுவார். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய பேச்சைத்தான் பிடிக்காது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு நானும் அண்ணையும் அவருடைய மனைவி எமில்டா அக்காவும் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போனோம். படிப்பித்தவர் மிஸ் கரோல். அமெரிக்காவில் ஆசிரியப் பயிற்சி எடுத்து வந்தவர். ஒருநாள் அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அமெரிக்காவில் முப்பது வருடமாக இப்படி ஒரு படிப்பு வளர்ந்து வருகிறது. பிள்ளைகள் ஊருக்கு ஒரு வேலை செய்வார்கள், செய்தபடியே பாடமும் படிப்பார்கள். ஒரு மாநிலத்தில் இப்போது அந்தச் சேவை செய்யாமல் உயர்பள்ளிச் சான்றிதழே கிடையாது. நாங்களும் செய்து பார்ப்போம். உங்கள் அக்கம்பக்கத்துக்கு என்ன தேவை என்று சொல்லுங்கள். அதற்கு வேண்டிய ஆங்கிலத்தை நான் படிப்பிக்கிறேன்.”

“உது எங்கட ஊர்ச் சிரமதானம் தங்கச்சி,” என்றார் அண்ணை என் காதுக்குள். “நாங்கள் மண்வெட்டியோட செய்தனாங்கள். உவங்கள் கொப்பி பேனையோட செய்யிறாங்கள்.”

என்ன தேவை என்று தேடித் திரிய வேண்டியிருக்கவில்லை. எங்கள் கட்டடத்துக்கு முன்னால் அகலமான றோட். பஸ் நிற்பது எதிர்ப்பக்கம். கடப்பதற்குச் சிக்னல் லைற் இல்லை. லைற் இருக்கும் சந்திக்கு நடந்து போய் வந்தால் பஸ் போய்விடும். அதனால் எல்லோரும் குறுக்கே ஓடுவோம். மாசி மாதப் பனியில் எமில்டா அக்கா ஓடும்போது நடு றோட்டில் சறுக்கி விழுந்தார். வந்த லொறி அவருடைய கையெட்டும் தூரத்தில் நின்றது. “எனக்கு ஒண்டுமில்லை, சாப்பாட்டுப் பெட்டிதான் சப்பட்டை,” என்று அக்காவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பெட்டியை வைத்து ஒரு பிறந்தநாள் விழாவில் பகிடியும் விட்டார். மனுசனுக்கு நெஞ்சு கல்லோ என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

லைற் கேட்பது என்று முடிவானது. எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் சங்கம் வேண்டுமே! அண்ணை தலைவர், எமில்டா அக்கா செயலாளர். ஒரு சதமும் இல்லாத சங்கத்துக்கு நான் பொருளாளர். உபதலைவர் பதவிக்கு மூன்று பேர் போட்டியிட்டதில் ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. மிஸ் கரோல் தலையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ஸ்காபரோ நகரசபையில் பேச எங்களுக்கு நேரம் கிடைத்தது. ஒருவர் பேசலாம், ஐந்து நிமிடம். இந்த முறை மறுத்தால் அடுத்த வருடம்தான் திரும்பக் கேட்கலாம். அதாவது இன்னொரு பனிக்காலம் முழுவதும் ஓட வேண்டும். “எந்த இடம், என்ன ஆபத்து, என்ன வேண்டும். மூன்றே விசயம்,” என்று மிஸ் விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்தார். யார் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் இருக்க வேறு யார் பேசுவது?

அண்ணை கலியாணக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பேசுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கு: பச்சை எரிந்தால் பேசு, மஞ்சள் எரிந்தால் முடி, சிவப்பென்றால் நிறுத்து. லைற் கேட்கப் போன இடத்திலும் லைற்.

பச்சை எரிந்தது. அண்ணை தாளை விரித்தார். தலைமை தாங்கும் பெருமகனுக்கு வணக்கம் சொன்னார். சபை உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, தொகுதி சொல்லி வணக்கம் சொன்னார். குறிப்பெடுக்கும் பெண்ணுக்கு, வாசலில் நின்ற காவலாளிக்கு, கதிரை அடுக்கியவருக்கு. முதலில் சிரித்த உறுப்பினர்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணை தாளைத் திருப்பினார். அங்கேயும் வணக்கம்தான். மஞ்சள் எரிந்தது. எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணை மஞ்சள் விளக்கைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டார்.

“என் மனைவி விடிய முன்னம் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகிறாள்,” என்றார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “நான் நித்திரை என்று நினைக்கிறாள். நான் நித்திரை இல்லை. கதவு பூட்டின சத்தம் கேட்டதும் எழும்பி ஜன்னலில் நிற்பேன். அவள் றோட்டைக் கடந்து பஸ்ஸில் ஏறும்வரை எனக்கு மூச்சு வராது. அந்த லொறிக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இப்படித்தான். எனக்குப் பயம். தயவுசெய்து ஒரு லைற் தாருங்கள்.”

சிவப்பு எரிந்தது. யாருக்கும் நன்றி சொல்லாமல் வந்து இருந்தார்.

சபைத் தலைவர் இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன, ஒன்றுகூடக் குறையாமல். மார்கழிக்கு முன்னம் லைற் வரும் என்றார்கள். மிஸ் கரோல் எங்களைக் கட்டிப் பிடித்தார். நான் மனதுக்குள் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அண்ணையின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சருங்கோ, மெய்யே சொன்னனீங்கள்?” என்றார்.

“ஓம்.”

“ஷிப்ற் முடிஞ்சு நடுச்சாமத்திலதானே வந்து படுக்கிறனீங்கள். மனுசன் நித்திரை குழம்பக்கூடாது எண்டு நான் இருட்டுக்குள்ள தட்டித் தடவிச் சீலை உடுத்து, பூனை மாதிரியெல்லோ போறனான்!”

“தெரியும். நீர் கதவைச் சாத்திற வரைக்கும் அசையாமல் கிடப்பன்.”

அக்காவின் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மனுசனை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழிச்சுத்தானே கிடந்தனீங்கள்? அப்ப எழும்பி ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தால் என்னவாம்?”

பஸ்ஸில் வந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாள் விடிய அவர்தான் தேத்தண்ணி போட்டாராம். சீனி கூடிப்போச்சு என்று அக்கா கட்டடம் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தார்.