டப்ளினில் எங்களுக்கு ஆர் இருக்கினம்?

பயண முகவர் வேலை என்பது பந்தியில் பாயசம் ஊற்றுகிறவன் வேலை. எல்லோரும் குடித்து எழும்பிய பிறகு வாளியின் அடிதான் அவனுக்கு. நகைக்கடையில் நின்று ஊராரின் கழுத்துக்குச் சங்கிலி பூட்டிவிடும் சகோதரிகளே, கலியாண வீடுகளில் வீடியோ பிடித்துத் திரியும் பிரம்மச்சாரிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில், தொங்கு ரயில் தலைக்கு மேலே ஓடுகிற தெருவில் என் கடை. ஜெர்மன்காரரும் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள். ஜெர்மன்காரர் போகும் ஊர்களிலே நான் ஆசை வைத்தது டப்ளின் ஒன்றில்தான். ஆறு, பாலங்கள், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே பிடில் வாசிக்கும் பப்புகள். ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று கிடந்து துடிக்கிறேன்.

முதற் தடை

நம்மவர்களுக்கு ஒரு ஊர் உலகத்தில் இருக்க வேண்டுமென்றால் அதில் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். பாரிஸில் என் பெரியம்மாவின் மகன் இருக்கிறார், ஆகவே பாரிஸ் இருக்கிறது. லண்டனில் என் மனைவி சுமதியின் தமக்கை இருக்கிறா, ஆகவே லண்டனும் உண்டு. லீவு வந்தால் கலியாணம், சாமத்தியச் சடங்கு, ஐம்பதாவது பிறந்தநாள். ஈஃபிள் கோபுரத்தை நான் பார்த்ததெல்லாம் மண்டபத்துக்குப் போகிற வழியில், கார் கண்ணாடிக்குள்ளால்.

வருஷா வருஷம் லீவுக்கு முன்னர் டப்ளின் பேச்சை எடுப்பேன். சுமதி வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே கேட்பாள்: “அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

மூலை மேசை

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கணவனோடு டப்ளின் போகக் கேட்டார். எந்தப் பப்பில் மத்தியானமே பாட்டுத் தொடங்கும், எந்தக் கடையில் மட்டிச் சூப்போடு கறுத்த ரொட்டி தருவார்கள், எந்த மூலை மேசையில் இருந்தால் பிடில்காரனின் விரல்கள் தெரியும் என்று மளமளவென்று சொன்னேன். எல்லாம் முந்திப் போய் வந்தவர்கள் என் மேசைக்கு முன்னால் இருந்து அளந்த கதைகள்தான்.

போய் வந்த ஆசிரியை ஒரு பெட்டி பிஸ்கற்றோடு நன்றி சொல்ல வந்தார். அந்த மேசையிலேதான் இருந்தார்களாம், அந்தச் சூப்பைத்தான் குடித்தார்களாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். மனுஷி என் கையைப் பிடித்துச் சொன்னார்: “நினைத்த நேரம் போய் வருகிறீர்கள், உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது!”

ஆஹென் தம்பி

ஆஹெனில் பொறியியல் படிக்கும் மதுரைப் பையன் ஒருவன் கூட்டாளிகளோடு டப்ளின் போக வந்தான். ஜெர்மன் வதிவிட அட்டை கையில் இருந்தால் ஐரோப்பா முழுக்கத் திறந்து கிடக்கிறது என்ற நினைப்பு. அயர்லாந்து அந்த ஒரே விசாக் கூட்டணியில் சேர்த்தியில்லை, எங்களைப் போல ஜெர்மன் பாஸ்போர்ட் என்றால் பரவாயில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும் என்று விளக்கினேன். உள்ளுக்குள் எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கடைசியில் என்னைப் போலவே ஒருவன்!

பையன் சாமர்த்தியசாலி. “அண்ணா, விசா இல்லன்னு சொல்றீங்க ஓகே, அதுக்கு ஏன் இவ்ளோ ஹேப்பியா இருக்கீங்க?”

வந்த வாடிக்கையாளர்

போன வசந்தத்தில் மூன்று ஜெர்மன் பெண்கள் கடைக்குள் வந்தார்கள். நாலாவதாக வந்தது சுமதி. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தோழிகளாம், ஹைக்கேயும் மற்ற இருவரும். வார இறுதிக்கு டப்ளினாம். நாலு பேருக்கும் ஒரே வரிசையில் இருக்கை வேண்டுமாம். “அங்கை ஆர் இருக்கினம்?” என்று தமிழில் கேட்டேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

என் கையாலேயே சீட்டுப் போட்டேன். வாய் சும்மா கிடக்காமல் அந்த மூலை மேசையையும் சொல்லிக் கொடுத்தது. சனிக்கிழமை படம் வந்தது: சுமதி, மூலை மேசை, முன்னால் நுரை தள்ளும் கறுத்த பியர். நான் கேட்க முன்னரே கீழே எழுதியிருந்தாள்: “கிளாஸ் ஹைக்கேயின்ரை, சூப்புத்தான் என்ரை.”

திரும்பி வந்தவள்

திங்கட்கிழமை பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சொன்னாள். ஆற்றங்கரையில் நின்று வினாகிரி விட்ட உருளைக்கிழங்குப் பொரியல் தின்றார்களாம். சீலைப் பெட்டி இழுக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாததால் வந்த கோபதாபம் இல்லை. மகளுக்கு எப்போது கலியாணம் என்று ஒரு குருவி கேட்கவில்லை. ஒரு வெங்காயம் உரிக்கவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டு கனகாலம். பொறாமை வந்தது, டப்ளின் மேலா, அந்த முகத்தின் மேலா என்று தெரியவில்லை.

“அங்கை எனக்கு ஆருமே இல்லையப்பா. அதுதான் நல்லா இருந்தது,” என்றாள்.

விட்டேனா? “அப்ப அடுத்தமுறை ரெண்டு பேருமாய்ப் போவமோ?” என்று கேட்டேன்.

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நீங்களும் வந்தால், பேந்து அங்கையும் எனக்கொரு சொந்தக்காரர் இருப்பாரெல்லோ!”

ஆக, இத்தனை வருஷமாக நான் டப்ளின் போகாததற்கு அங்கே சொந்தக்காரர் இல்லாதது காரணம், இனிப் போகாமல் இருப்பதற்கு அந்தச் சொந்தக்காரர் நானாக இருப்பது காரணம்.