மறைச்சவரே காட்டினார்

போன வருஷம் வைகாசி மாசம், கருட சேவை அன்னைக்கு விடியற்காலை. காஞ்சிபுரம் வரதர் கோயில் கோபுர வாசல்ல எள் போட்டா எள் விழாது, அவ்வளவு கூட்டம். நடுவுல நானும் அம்மாவும். அம்மா பக்தியோட, நான் கடுகடுப்போட.

மறுநாள் ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல லெக்சரர் வேலைக்கு எனக்கு டெமோ கிளாஸ். பிசிக்ஸ்ல எம்.எஸ்சி. முடிச்சிட்டு வீட்டுல டியூஷன் எடுத்துட்டிருந்த எனக்குக் கிடைச்ச முதல் வாய்ப்பு. "ஈஸியா ஏதாவது எடுடி"ன்னு தோழிங்க சொன்னாங்க. நான் கேட்டாத்தானே! தூரத்து நட்சத்திரங்களைச் சுத்துற கிரகங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு நடத்தப்போறதா வீம்பா எழுதிக் கொடுத்துட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னாடி இன்னொரு நட்சத்திரம் வந்தா, முன்னாடி இருக்கறதோட ஈர்ப்பு, பின்னாடி இருக்கறதோட ஒளியை வளைச்சுக் குவிக்கும். கொஞ்ச நாளைக்கு அது பளிச்சுனு தெரியும். அதை வெச்சே முன்னாடி இருக்கறதைச் சுத்துற கிரகத்தையும் பிடிச்சிடலாம். ஒத்திகையா அம்மாகிட்ட நடத்திப் பார்த்தேன். "முன்னால வந்து நின்னா மறைக்கத்தானேடி செய்யும்?"னு ஒரே போடா போட்டாங்க. பேப்பர்ல படம் போட்டுக் காட்டியும் அவங்க ஒத்துக்கல. அந்தக் கவலையிலதான் கோயிலுக்கே வரமாட்டேன்னு அடம்பிடிச்சேன். தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டாங்க.

வேட்டுச் சத்தம் கேட்டுது. "கோவிந்தா!"ன்னு கூட்டமே கை தூக்குச்சு. கரெக்டா அந்த நேரம் பனைமரம் மாதிரி ஒருத்தர் எங்க முன்னாடி வந்து நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சார். அம்மா என் தோள் உயரம்தான். எனக்கு மூக்குக்கு மேல கோபம். "சார், பின்னாடி மனுஷங்க நிக்கறது தெரியலையா?"ன்னு ஆரம்பிச்சேன். அம்மா என் வாயைப் பொத்தினாங்க.

"சும்மா இருடி. அவரு போனைப் பாரு, எவ்ளோ கிட்டத்துல தெரியறாரு பெருமாளு!"

அட, ஆமாம்! ஜூம் பண்ணியிருந்ததுல மாலையில இருந்த பூகூடத் தெரிஞ்சுது. அவர் இல்லைன்னா குடை நுனிதான் எங்களுக்குக் கிடைச்சிருக்கும். பக்கத்துல அவர் மனைவியும் ஒரு குட்டிப் போனைப் பிடிச்சிருந்தாங்க. கூட்டம் தள்ளினதுல அதுவும் எங்க கண்ணுக்கு நேரா வந்து, ஒரு நொடி அதுலயும் பெருமாள் மின்னிட்டுப் போனார்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். "நல்லா பாருங்கம்மா"ன்னு போனைத் தோள் உயரத்துக்கு இறக்கி, அம்மாவுக்கு வாகா பிடிச்சார். அம்மா கை சும்மா இருக்குமா? திரையில பெருமாள் பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பட்டுனு கேமரா இந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

"ஐயையோ, பெருமாளு எங்கப்பா? என் மூஞ்சி தெரியுதே!"

சுத்தியிருந்தவங்க அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவர் சரி பண்றதுக்குள்ள கருடன் வீதியில திரும்பிட்டார். "போவட்டும்பா, பாத்த வரைக்கும் போதும்"னாங்க அம்மா.

மறுநாள் டெமோ கிளாஸ். பத்து நிமிஷம்கூட ஆகல, பிரின்சிபால் கையைத் தூக்கினார். "ஏம்மா, முன்னாடி வந்தா மறைக்கத்தானே செய்யும்?" அதே கேள்வி! வேலை போச்சுன்னே நினைச்சேன். அப்புறம் அந்தப் போன்ல தெரிஞ்ச அம்மா மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. சாக்பீஸைக் கீழே வெச்சிட்டு முந்தின நாள் கதையைச் சொன்னேன்.

"அந்த நெட்டைக்காரர்தான் சார் முன்னாடி வர்ற நட்சத்திரம். அவர் போன்ல இருந்த ஜூம் மாதிரிதான் அதோட ஈர்ப்பு, பின்னாடி இருக்கறதைப் பெருசாக்கிக் காட்டும். அவர் மனைவியோட குட்டிப் போன்தான் கிரகம். பெரிய வெளிச்சத்துக்கு நடுவுல வர்ற அந்தச் சின்ன மினுக்கலை வெச்சுத்தான் கிரகம் இருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க. நட்சத்திரம் நெரிசலா இருக்கற பக்கம்தான் பார்ப்பாங்க. கூட்டத்துலதானே சார் ஒருத்தருக்கு நேரா ஒருத்தர் வருவாங்க? ஒரு தடவை விட்டா அந்தக் காட்சி திரும்ப வராது, எங்கம்மாவுக்கு ஆன மாதிரி!"

கிளாஸே சிரிச்சுது. பிரின்சிபால் மட்டும் சிரிக்கல. அவரும் ஆறடிக்கு மேல. "நல்லவேளை, நேத்து நான் கோயிலுக்கு வரல. என்னைத்தான் திட்டியிருப்பீங்க"ன்னார். வேலை கிடைச்சிடுச்சு.

அந்த மனுஷர் யாரு, எந்த ஊருன்னு தெரியாது. ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல. இந்த வருஷ கருட சேவைக்கு அம்மா தேடிப்பிடிச்சு ஒரு நெட்டை ஆளுக்குப் பின்னாடி போய் நின்னாங்க. யாராவது குறுக்கே வந்து நின்னா எனக்கு இப்பவும் மூக்குக்கு மேலதான் கோபம் வருது. ஆனா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, அவங்க கையில என்ன தெரியுதுன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கறேன்.