பார்ப்பதற்கு மட்டும் ஒரு பூ

இன்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் என் மடியில் இரண்டு நரிவெங்காயம், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. முந்திரித் தோப்பு ஓரத்துச் சரளையில் நானே தோண்டி எடுத்தவை.

கண்டக்டர் கேட்டார். "வெங்காயம் இம்புட்டுப் பெருசாங்க? சாம்பாருக்கா?"

"இதைத் திங்கக் கூடாதுங்க. பூவுக்காக வளக்கப் போறேன்."

முன் சீட்டு அம்மாள் திரும்பினார். "தலையில வைக்கலாமா?"

"முடியாதுங்க."

"சாமிக்கு?"

"யாரும் போட்டுப் பாத்ததில்ல."

"அப்புறம் எதுக்கு?"

"பாக்கத்தான்."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயசு. வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி. புருஷன் போனதும் வீட்டு வாசலில் அவள் வைத்த மல்லிகைக் கொடியை வீட்டார் வெட்டிவிட்டார்களாம், ஏறி உட்கார்ந்ததும் அவளே சொன்னது.

மெதுவாகக் கேட்டாள். "அக்கா, தலைக்கும் ஆகாது, சாமிக்கும் ஆகாதுன்னா, இதை நான் வளத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"என்னத்தச் சொல்லுவாங்க?"

"எப்படி வைக்கணும்?"

"கழுத்து வெளிய தெரியுற மாதிரி செம்மண்ணுல புதைச்சு வெயில்ல விட்ருங்க. கோடையில தண்ணி ஊத்துனா அழுகிரும். எலையெல்லாம் காஞ்சு போனதும் செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க. அதுக்கப்புறந்தான் தண்டு வந்து பூக்கும்."

"எலை இல்லாமயேவா?"

"ஆமா. மொட்டைத் தண்டுதான். அது நெறைய பூ."

தன் ஊர் வந்ததும் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினாள். இரண்டில் பெரியதைப் பார்த்துத்தான் எடுத்தாள்.

எனக்கு மிஞ்சியது பூண்டு அளவுக்கு இருக்கிறது. யார் வீட்டில் முதலில் பூக்கும், சொல்லுங்கள். நான் அவள் கட்சி.