என் மெடிக்கலுக்கு அப்பா போன கதை

குவைத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டுக்கு இன்று காலை அல்சூரில் ஒரு லேபுக்குப் போனேன்.

துணைக்கு அப்பா. பிரஷர் பார்க்க மூன்று வருடமாகக் கெஞ்சியும் அசையாதவர், டெஸ்ட் எனக்கு என்றதும் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க நான் எதிர்க்கடைக்குப் போன நேரத்தில் நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார்: "ஆரோக்கியசாமி!"

பாஸ்போர்ட்டில் அது என் சர்நேம். ஆனால் அது அப்பாவின் பெயர். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது உயரம், எடை எல்லாம் முடிந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு போர்டில் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு அங்கிள். ஏதாவது டென்ஷனா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஆமாம்மா. என் பொண்ணு குவைத் போறா."

அப்போதுதான் நர்ஸ் ஃபாரத்தைச் சரியாகப் பார்த்தார். பெண், வயது இருபத்தாறு.

"நீங்க ஏம்ப்பா உள்ள வந்தீங்க?" என்றேன்.

"பேரைச் சொல்லிக் கூப்புடறாங்க. போகலன்னா மரியாதையா இருக்குமா?"

நர்ஸ் சிரித்துச் சிரித்து, அப்படியே அவரை டாக்டரிடமும் கூட்டிப்போனார். உப்பைக் குறைக்கச் சொல்லி, மாத்திரையும் எழுதிக்கொடுத்தார் டாக்டர். எனக்கு எல்லாம் நார்மல்.

இப்போது மர்பி டவுனில் எங்கள் தெரு முழுக்க அப்பா சொல்லிக்கொண்டு வருகிறார்: "கண்ணாடி இல்லாமலே கடைசி வரி வரைக்கும் படிச்சேன்!"

அம்மா சமையலறையிலிருந்து என்னைக் கேட்கிறார்: "அப்போ மெடிக்கல்ல அவர் பாஸா? குவைத்துக்கு அவரை எப்படி கூட்டிக்கிட்டுப் போறாங்க? பஸ்ஸா, பிளேனா?"

குவைத்தில் இருப்பவர்கள் யாராவது அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள். அப்பாவுக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.