சும்மா ஏறிய மலை

அரூர் பஸ்ஸிலிருந்து மலையடிவாரத்தில் இறங்குகிறேன். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தபின் தனியாக ஏறப்போகும் முதல் மலை இது. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் தழை அறுக்கும் துறட்டியோடு பாதையில் நிற்கிறார்.

“எதுக்குங்க ஏறறீங்க?”

“சும்மாதான், பாக்க வந்தனான்.”

என் தமிழைக் கேட்டதும் அவர் முகம் இறுகுகிறது. “போன வருசமும் ரெண்டு பேரு சும்மா பாக்கத்தான் வந்தாங்க. எங்க சாமைக்காட்டுல அளவுக்கல்லு நட்டுட்டுப் போனாங்க.”

அவரைத் தாண்டி ஏறுகிறேன். திரும்பும்போது அடையாளம் தெரிய, பாதை பிரியும் இடங்களிலெல்லாம் மூன்று கற்களை அடுக்கிவைக்கிறேன். பின்னாலேயே ஆட்டு மணிச் சத்தம் வருகிறது. திரும்பிப் பார்த்தால் வெறும் புதர்தான். துறட்டியின் கூர்முனை நினைவுக்கு வந்து நடையை எட்டிப் போடுகிறேன்.

இறங்கும்போது முதல் பிரிவிலேயே கற்களைக் காணவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறேன். புதரை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்து, மடியிலிருந்த கற்களை என் காலடியில் கொட்டுகிறார்.

“நீங்க நட்ட கல்லு அத்தனையும் இருக்குது, பாத்துக்கங்க.”

“வழி தெரியத்தான் வச்சனான், அம்மா.”

“வழிதான? அத நான் காட்டறேன்,” என்று துறட்டியை நிமிர்த்திப் பிடிக்கிறார். “நீங்க முன்னாடி நடங்க.”